வண்டியின் தகுதியும் உடையவர் கடமையும்

ஒரு பொருளில் குறை உண்டு என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அக்குறை பிறர் கண்ணில் படாதவாறு மறைத்தும் விட்டோம். அதனால் இதுவரை எவருக்கும் தீங்கு நேரவில்லை. இந்நிலையில் நாம் குற்றமற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? இக்கேள்வி புதியதன்று. எடைக்கல்லும் படியும் தோன்றிய நாள்தொட்டு அறநூலார் கேட்டு வந்த கேள்விதான். ஆயினும் இந்நாளில் அது நம்மில் பலர் வீட்டு வாசலில் நான்கு சக்கரங்களோடு வந்து நிற்கிறது. ஆகவே மோட்டார் வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஆராய எண்ணுகிறேன். வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் பட்டறைச் செய்திகளையும் கேட்க வேண்டும்.

நாட்டில் நடப்பிலிருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பெற்று, 1989 சூலைத் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த விதிகளின்படி, வாடகைக்கு ஓடும் வண்டிகள் தகுதிச் சான்று பெற்றே ஓட வேண்டும். எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் அவற்றை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். சொந்தக் காருக்கு இத்தனை கண்டிப்பு இல்லை. பதிவு செய்து 15 ஆண்டு கழிந்த பின்னரே அதனை ஆய்வுக்குக் கொண்டு சென்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்புதுப்பிப்பு 5 ஆண்டுக்குச் செல்லும். மக்கள் பேச்சில் இரண்டுமே 'எஃப்.சி.'தான். ஆய்வு செய்யும் மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊர்களில் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே அழைக்கிறார்கள். அவர் விளக்கு, ஒலிப்பான், சக்கரம், புகை யாவற்றையும் பார்ப்பவரே. எனினும் மக்கள் அவருக்குப் பிரேக்கின் பெயரையே சூட்டினார்கள். ஒரு வண்டியில் எது முதன்மையானது என்பதைப் படிப்பறியாதவரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர் ஒன்றே போதும்.

கோட்டக்குப்பத்தில் குடியிருக்கும் என் தங்கை மகனிடம் 1999-இல் அவன் தந்தையார் வாங்கிய மாருதி 800 வண்டி ஒன்று உண்டு. 2014-இலும் 2019-இலும் தடையின்றிப் புதுப்பிக்கப்பட்ட அவ்வண்டி 2024-இல் ஆய்வில் தேறவில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்புறம் இழுக்கிறது. முன்சக்கர டயர்கள் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறது. முன்விளக்கு ஒன்றின் ஒளி எதிரே வருவோர் கண்ணில் பாய்கிறது. ஓட்டுநர் காலடியில் தளத் தகடு துருவேறி அரித்துப்போயிருக்கிறது. இவையே காட்டப்பட்ட குறைகள்.

துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுச்சேரியின் முத்தியால்பேட்டையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர், 2021-இல் நகராட்சியாயிற்று. கடல் அருகில். அங்கே காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருவாகும். துருவாக மாறிய இரும்பு முன்னைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் மேற்பூச்சு கொப்புளித்து உரிகிறது. உரிந்த இடத்தில் மேலும் ஈரம் புகுகிறது. கால்மிதியின் அடியில் தேங்கும் மழைநீர் இவ்வேலையை எவர் கண்ணிலும் படாமல் செய்து முடிக்கும். திண்டிவனத்தில் 25 ஆண்டு நிற்கும் வண்டியும் கோட்டக்குப்பத்தில் 25 ஆண்டு நிற்கும் வண்டியும் ஒன்றல்ல.

பட்டறையில் இரண்டு வழிகள் கூறப்பட்டன. முதல் வழிக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய். அரித்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்துக் கறுப்புப் பூச்சுப் பூசுவது. பிரேக்கை ஒருவாறு சரிக்கட்டுவது. ஆய்வு நாளன்று மட்டும் நல்ல டயர்களை வாடகைக்கு எடுத்து மாட்டுவது. இரண்டாம் வழிக்கு 34,000 ரூபாய். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. முன்பிரேக்கு இரண்டையும் கழற்றித் துருவேறி இறுகிய பகுதிகளை மாற்றுவது. பின்சக்கரத்துச் சிலிண்டர்களையும் பிரேக் ஷூக்களையும் புதிதாக இடுவது. டை ராடு எண்டுகளை மாற்றுவது. டயர்களை விலைக்கு வாங்குவது. வண்டியின் விலையோ, எவரேனும் கேட்டால், 40,000 கிடைத்தாலே மிகுதி.

பட்டறைக்காரர் நாற்பது ஆண்டு தொழில் செய்தவர். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் சொன்னார்: "தம்பி, பட்டி வச்சா இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே துரு தின்னுக்கிட்டேதான் இருக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." இரண்டு வழிகளையும் ஒரே குரலில், எதையும் வற்புறுத்தாமல் கூறினார் என்று கேள்விப்பட்டேன்.

பையன் என்னிடம் தொலைபேசியில் கேட்ட கேள்வி இதுதான்: "பெரியம்மா, சட்டம் என்னிடம் கேட்பது சான்று. நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. புதுச்சேரிக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் தவிர வேறு ஓட்டம் இல்லை. முதல் வழியில் சான்று கிடைத்துவிட்டால் என் கடமை தீர்ந்தது அல்லவா?"

அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவன். 28,000 ரூபாய் வேறுபாடு அவனுக்குச் சிறு தொகையன்று. ஆகவே அவன் கேள்வியைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான் கணக்கு ஆசிரியை, அவ்வழக்கம் போகாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 10 மீட்டர் போய்விட்டது. அதன்பின், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கு வண்டியை இன்னும் 8 மீட்டர் அளவில் நிறுத்தும். பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தால் அந்த 8 மீட்டர் 16 மீட்டர் ஆகும். வேகம் இரு மடங்கானால் அத்தொலைவு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஓட்டுகிறேன் என்ற ஆறுதல் அந்த 8 மீட்டரை அழித்துவிடாது.

மற்றொன்று. வண்டி இழுப்பது இடப்புறம். நம் நாட்டில் வண்டிகள் செல்வதும் சாலையின் இடப்பாதியில். ஆகவே அதன் இடப்புறத்தில் இருப்பது சாலையோரம். பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் சென்றவர்கள், அவ்வோரத்தில் யார் நடப்பார்கள் என்பதை அறிவார்கள். மீன்கூடை சுமந்து வரும் பெண்கள், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், ஆடுகள். வண்டிக்குள் இருப்பவர்க்கு இரும்புக் கூடாவது உண்டு. ஓரத்தில் நடப்பவர்க்கு ஒன்றுமில்லை. அவர்கள் இவ்வண்டியைப் பற்றி எந்த உடன்படிக்கையும் செய்துகொண்டவர்கள் அல்லர்.

இனி, 'சான்று கிடைத்தால் போதும்' என்னும் எண்ணத்தைப் பார்ப்போம். ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் அனைவரும் ஆய்வு நாளைக் கண்டிருப்பார்கள். கல்வி அதிகாரி வருகிறார் என்ற செய்தி எட்டியவுடன் பல பள்ளிகளில் சுவரெங்கும் படங்கள் முளைக்கும். பூட்டிக் கிடந்த அறிவியல் பெட்டி திறக்கப்படும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள். அவர் சென்ற மறுநாள் படங்கள் சுருட்டப்படும். இதனால் அதிகாரிக்கு நட்டம் ஒன்றுமில்லை. அவர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார். பின்வரிசைப் பிள்ளைதான் அப்படியே இருந்தது. ஆய்வு என்பது ஆய்வாளருக்காகச் செய்யப்படுவது என்று நினைக்கும்போதே அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது. வாடகை டயர் அந்தச் சுவர்ப் படத்துக்கு உறவு. ஆய்வுக் கூடத்தின் சமதளத் தரையில் பத்து நிமிடம் நின்ற டயர் வேறு. மழை நாளில் சாலையைப் பற்றி நிற்க வேண்டிய டயர் வேறு.

இதே கேள்வியை இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்பவர் 1877-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் எழுப்பினார். நம்பிக்கையின் அறம் என்பது அதன் பொருள். ஒரு கப்பல் உடையவரை அவர் கற்பனை செய்துகொள்கிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது, வேறு நாட்டில் குடியேறச் செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட இருக்கிறது. உடையவர் மனத்தில் ஐயம் எழுகிறது. முழுவதும் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டால் பெருஞ்செலவு. இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பல் இம்முறையும் திரும்பாதா என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, மெய்யாகவே நம்பத் தொடங்கி, மகிழ்ச்சியோடு வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்கிறார். அம்மக்கள் சாவுக்கு அவரே பொறுப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. கிளிஃபர்டு அத்துடன் நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் நலமாகக் கரை சேர்ந்திருந்தால் அவர் குற்றம் குறையுமா என்று கேட்டு, ஒரு துளியும் குறையாது என்கிறார். அவர் செய்த குற்றம் அப்படி நம்பத் தமக்கு உரிமை இல்லாதிருந்தும் நம்பியது. அது கப்பல் துறைமுகத்தை விட்டபோதே முடிந்துவிட்டது.

அது வெறுங்கற்பனைக் காலமும் அன்று. மிகைச் சுமையேற்றிய பழங்கப்பல்களை அனுப்பி மாலுமிகளைச் சாகக்கொடுத்த வணிகர்களை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதும், 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையப்பெற்றதும் அந்நாளில்தான். அளவுக்கு மேல் சுமையேற்றுவதைக் கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணியிருப்பது நம் வாசகர்க்கு நினைவு வரும். அங்கே காளைக்குச் சொன்னது கப்பலுக்கும் பொருந்துகிறது, வண்டிக்கும் பொருந்தும்.

கிளிஃபர்டு வந்தடைந்த இடம் நம் சமய நூல்களைப் பயின்றவர்க்குப் புதிதாகத் தோன்றாது. இம்சை என்பதற்கு இலக்கணம் கூறும்போது ஆசிரியர் உமாசுவாமி 'பிரமாதம்' என்பதை முதலில் வைத்தார். அசட்டை, கவனமின்மை, வேட்கையால் மங்கிய அறிவு ஆகியவை எல்லாம் அச்சொல்லில் அடங்கும். அமிருதசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை இருபுறமும் விரித்தார். கவனத்தோடு நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓருயிர் மடிந்தாலும் அவனுக்கு இம்சை இல்லை. அசட்டையாக நடப்பவனால் எவ்வுயிரும் மடியாவிட்டாலும் அவனுக்கு இம்சை உண்டு. முதற்பகுதியை ஆறுதலாக எடுத்துக்கொள்வோர் பலர். இரண்டாம் பகுதியின் கடுமையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

துறவியர்க்கு விதித்த ஈரியா சமிதியில், நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கி நடக்க வேண்டும் என்பர். அது நடப்பவர் வேகத்துக்குப் பொருந்திய அளவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அந்த நான்கு முழத்தை ஒரு நொடியின் ஒன்பதில் ஒரு பங்கில் கடந்துவிடுகிறார். இல்லறத்தார்க்கு அவ்விதி அப்படியே இல்லை என்றாலும் அதன் கருத்து விலகிவிடாது. வண்டியோட்டியின் நுகத்தடி எத்தனை நீளம் என்பதை அவர் கண் தீர்மானிப்பதில்லை. பிரேக்கும் டயரும் தீர்மானிக்கின்றன. நூறு மீட்டர் முன்னே பார்த்தும் நிறுத்த முடியாதவர் பார்த்ததனால் என்ன பயன்?

இங்கே கிளிஃபர்டின் கப்பல்காரருக்கும் என் தங்கை மகனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதனை நான் பெரிதாகவே கருதுகிறேன். கப்பல்காரர் ஐயத்தை அமுக்கினார். அவரிடம் இருந்தது ஐயம் மட்டுமே. இவனிடம் சொல்லியாயிற்று. ஆய்வுக்கு முந்தைய நாள் வரை தளத்தின் அரிப்பு அவனுக்குத் தெரியாது. மிதியைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் எவருக்கு உண்டு? தெரியாமையில் ஓரளவு மன்னிப்பு இருக்கலாம். ஆய்வில் தேறவில்லை என்ற சீட்டு கைக்கு வந்த நாழிகையில் அந்தத் தெரியாமை நீங்கிவிட்டது. அதன்பின் பட்டி வைப்பது தன் அறிவின்மேல் தானே பட்டி வைப்பதாகும். ஆய்வில் தவறிய வண்டியைச் சாபமாக எண்ணிப் பலர் நொந்துகொள்கிறார்கள். உண்மையில், காசு வாங்காமல் நமக்கு நம் வண்டியைக் காட்டிக் கொடுத்தவர் அந்த ஆய்வாளர். (கட்டணம் உண்டு; அது வேறு கதை.)

இதையெல்லாம் கேட்டபின்பும், சான்று வழங்குவது அரசின் பொறுப்பு, அவர்கள் 'ஆம்' என்றபின் நாம் ஏன் ஐயுற வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் 2012 சூலை 25-ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி ஒருத்தி, தான் சென்ற பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அப்பேருந்து தகுதிச் சான்று பெற்ற பேருந்து; சான்று பெற்று நெடுநாள் ஆகவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. அவ்வாண்டே தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனிச் சிறப்பு விதிகளை வகுத்தது. கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் கூட்டாக ஆய்வு செய்வதை ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் காண்கிறோமே, அதன் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

அந்த ஓட்டை ஒரே நாளில் தோன்றியிருக்க முடியாது. அதை ஓட்டியவர், கழுவியவர், அதன் அருகில் அமர்ந்தவர், மேலே பலகையோ விரிப்போ இட்டவர் என எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்! ஒவ்வொருவரும், மற்றொருவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணியிருப்பர். எல்லார் எண்ணத்துக்கும் மேலே சான்று ஒன்று இருந்தது. சான்று அங்கே திரைச்சீலையாயிற்று. ஆசிரியராய் இருந்தவர்க்கு அந்நிகழ்ச்சி ஆறாத வடு. என் பெயர்த்திக்கு அப்போது அதே வயது.

வினை மூவகையாக நிகழும் என்பர் நம் முன்னோர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். மூன்றாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பள்ளி வேனுக்கு மாதக் கட்டணம் முடிவு செய்யும்போது நூறு ரூபாய்க்காகப் பேரம் பேசுகிறோம். அடுத்த வேன்காரர் குறைவாகக் கேட்கிறார் என்று மிரட்டுகிறோம். பன்னிரண்டு பிள்ளைகள் அமரும் இடத்தில் பதினெட்டுப் பேரை ஏற்றினால்தான் அவருக்குக் கட்டும் என்பது நமக்குத் தெரியும். அதன்பின் அவ்வேனின் டயர் வழுக்கையாயிருந்தால் அது அவர் வினை மட்டுந்தானா? சுமை ஆட்டோ வைத்துப் பிழைப்பவர் ஒருவரை எண்ணுங்கள். எஃப்.சி. வேலைக்கு அவர் செலவிடும் தொகை அவர் குடும்பத்தின் ஒரு மாத வருவாய்க்கு மேல் இருக்கும்; வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வருவாயும் இல்லை. அவரிடம் போய்ப் பிரமாதம் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அவர் வறுமை சாலையோரத்தில் நடப்பவளின் உயிரை மலிவாக்கிவிடாது. இரண்டும் உண்மையே. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டால், வண்டியைச் செப்பனிடும் செலவில் ஒரு பகுதி அவரிடம் வேலை வாங்கும் நம் வாடகையில் அடங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. பேரம் பேசிக் குறைத்த பணம் எங்கிருந்து குறைகிறது என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் அது பிரேக் ஷூவிலிருந்துதான் குறைகிறது.

பையன் நடுவில் மற்றொரு வழியையும் எண்ணினான். பழுது பார்க்காமல் தரகர் மூலம் 20,000 ரூபாய்க்குத் தள்ளிவிடுவது. இது எனக்கு முதல் வழியைவிடத் தாழ்ந்ததாகத் தோன்றியது. பட்டி வைத்து ஓட்டுபவர் தாமும் அவ்வண்டியில் அமர்கிறார். பட்டி வைத்து விற்பவர் இடரை மட்டும் கைமாற்றிவிட்டுப் பணத்தோடு நடந்துவிடுகிறார். பழைய வண்டியை வாங்குபவர் யார்? பெரும்பாலும் முதன்முதலாக வண்டி ஓட்டக் கற்பவர். அல்லது அதைவிட நல்லதை வாங்க இயலாதவர். குறையை எழுத்தில் கொடுத்து அதற்கேற்ற விலைக்கு விற்றால் குற்றமில்லை. வாங்குபவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்பது வாணிகத்தில் வழக்கமாக இருக்கலாம். நம் குடும்பங்களில் வாணிகம் செய்வோர் மிகுதி. அவர்கள் இதனை என்னைவிட நன்றாக ஆராய்வார்கள்.

அப்படியாயின் பழைய வண்டியை உடைப்பதற்கே கொடுத்துவிடலாமே என்பர் சிலர். 2021 ஆகஸ்டு 13 அன்று நடுவணரசு அறிவித்த பழைய வாகன நீக்கக் கொள்கை, சொந்த வண்டிகளைப் பொறுத்தவரை வயதைவிடத் தகுதியையே அளவுகோலாகக் கொண்டது. தில்லியில் நிலைமை வேறு. காற்று மாசு காரணமாக 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் காட்டி உடையவர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால ஆணை பிறந்தது. கட்டணமும் ஒரு குறிப்பைத் தருகிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. இதற்கு மேல் நம் மாநிலத்தின் பசுமை வரி வேறு. பழையதை விட்டுவிடு என்று சொல்லாமல் சொல்லும் கட்டணம் இது.

என் கருத்து இங்கே முழுவதும் ஒரு பக்கம் சாயவில்லை. பழைய வண்டி புகை மிகுதியாக விடும் என்பது உண்மை. புகையும் உயிர்க்கு ஊறு செய்வதே. புது வண்டி செய்யச் சுரங்கத்தில் இரும்பு வெட்ட வேண்டும், உலையில் நிலக்கரி எரிய வேண்டும் என்பதும் உண்மை. மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் நாள்தோறும் அவ்வளவு ஓடும் வண்டிக்கும் ஒரே தீர்ப்புக் கூற முடியாது. பரிக்கிரகத்தைச் சுருக்க வேண்டிய நாம், அண்டை வீட்டார் புதிது வாங்கினார் என்பதற்காக ஓடுகின்ற பொருளை எறிவது தகாது. இருப்பதைப் பேணிப் பயன்படுத்துவது ஒரு நல்லொழுக்கம். ஆனால் 'பேணி' என்ற சொல்லை விட்டுவிட்டுப் பயன்படுத்துவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சிக்கனம் ஆகாது, கஞ்சத்தனம் ஆகும்.

பிரிட்டனில் 1960-இல் வாகன ஆய்வு தொடங்கியபோது பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கே அது விதிக்கப்பட்டது. 1967-இலிருந்து மூன்றாண்டு கடந்தாலே ஆய்வு. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. தேறிய வண்டிக்கும், இன்னின்ன பகுதி தேய்ந்து வருகிறது, விரைவில் கவனிக்க என்று ஆய்வாளர் குறிப்பு எழுதிக் கொடுக்கிறார். 2018 மே மாதம் முதல் குறைகளை இடர் மிக்கவை, பெரியவை, சிறியவை எனப் பிரித்தும் எழுதுகிறார்கள். ஒரு விடைத்தாளில் நாற்பது மதிப்பெண் என்று மட்டும் போடும் ஆசிரியருக்கும், தேர்ச்சி, ஆனால் பின்னத்தில் கவனம் தேவை என்று எழுதும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு இது. நம் ஆய்விலும் இவ்வழக்கம் வந்தால் நன்று. வரும்வரை அக்குறிப்பை உடையவரே தமக்கு எழுதிக்கொள்ளலாம்.

கோட்டக்குப்பத்து வண்டியின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாருதி 800 வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகட்டுடலே அதன் எலும்பு. லாரியின் தளத்தில் துரு என்பது வேறு, இவ்வண்டியின் தளத்தில் துரு என்பது வேறு என்று பாய் விளக்கியபின் பட்டிப் பேச்சு நின்றுவிட்டது. பையன் மூன்று தவணையில் பணம் கொடுப்பதாகச் சொல்லி, பிரேக்கு, ஸ்டீயரிங், தளம், டயர் இந்நான்கையும் முழுமையாகச் செய்யச் சொன்னான். இருக்கைத் துணி கிழிந்திருக்கிறது, மேற்பூச்சு மங்கியிருக்கிறது; அவற்றைத் தொடவில்லை. அது நல்ல வரிசை என்று நான் கருதினேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்வர். கழற்றிப் பார்த்தபோது வலப்பக்க முன்பிரேக்கின் பிஸ்டன் துருவேறி அசையாமல் இறுகியிருந்ததாம். வேலை செய்தது இடப்பக்கப் பிரேக்கு மட்டுமே, அதனால்தான் இழுப்பு. பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. எத்தனை வண்டிகளில் மாற்றுகிறார்கள் என்பதை அவரவர் தம் வண்டியை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை பதினொரு நாள் பிடித்தது. செலவு 34,000 என்றது 36,500-இல் முடிந்தது. தங்கைக்கு இதில் வருத்தந்தான். வண்டியின் விலையையே வண்டிக்குப் போட்டுவிட்டான் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஆய்வில் வண்டி தேறிற்று. 2029 வரை பதிவு உண்டு.

இடப்பக்கத் தளம் இன்னும் மூன்று நான்கு ஆண்டு தாங்கும் என்று பாய் கணித்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மிதிகளை எடுத்து உலர்த்தித் தகட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சென்ற தை மாதம் பார்த்தார்கள். புதுத் தகடு ஒட்டிய ஓரத்தில் விரல்நகம் அளவு துரு தென்பட்டது. பையன் அதைச் சுரண்டிப் பூச்சுப் பூசி, நாளைக் குறித்து வைத்திருக்கிறான்.